பத்துக்குப் பத்து

"பத்துக்குப் பத்து! இந்த வாரமும் பத்துக்குப் பத்து!" என்று டைரக்டர் ஆராய்ச்சிக்காரியின் முன்னால் கும்பிடாத குறையாக எழுந்து நின்றார்.

ஒரு லட்சம் ஃபைல்கள் கொண்ட மென்பொருளில் அந்த வாரம் பழுதாகப்போகும் பத்து ஃபைல்களைத் திங்கட்கிழமையே சொல்லிவிடும் புரோகிராம் அவளுடையது. பல்கலைக்கழகத்தில் அது ஆறைத் தாண்டியதே இல்லை. இந்த நிறுவனத்தில் முதல் வாரமே ஏழு பலித்தது. டைரக்டர் மெய்சிலிர்த்துப்போய் கையில் கிடைத்த தாளிலெல்லாம் உத்தரவு போட்டார். அதற்கப்புறம் குறி தப்பவே இல்லை.

"இனிமே சோதனைப் பிரிவு எதுக்கும்மா? மாசக் கடைசியில மூடிடலாம்" என்றார்.

சோதனைப் பிரிவில் நாற்பது பேர். அதில் ஒருவர் அவள் கணவர்.

"ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு கடைசியில என் வேலைக்கே வேட்டு வெச்சுட்டியே!" என்றார் அவர், வீட்டில் வெங்காயம் நறுக்கியபடி. கண்ணீர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"ஒரு தடவை தப்பாச் சொன்னாப் போதும்ங்க. நான் பாத்துக்கறேன்."

அடுத்த பட்டியலில், பத்து வருடமாக மூச்சுக்கூட விடாத சமர்த்து ஃபைல் ஒன்றை வேண்டுமென்றே நுழைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அதன்மேல் பதினொரு புகார்.

"இத்தனை வருஷம் ஒளிஞ்சிருந்ததைக் கண்டுபிடிச்சுட்டீங்களே! மேற்பார்வைப் பிரிவையும் சேர்த்தே மூடிடலாம்" என்றார் டைரக்டர்.

அவளும் விடவில்லை. அதற்கடுத்த வாரம் ஓர் எழுத்துக்கூட இல்லாத காலி ஃபைலைச் சேர்த்தாள். பதினேழு புகார்!

லிஃப்ட் இயக்குபவர் பயபக்தியோடு கேட்டார்: "மேடம், இந்த லிஃப்ட் எப்பப் பழுதாகி நிக்கும்னு சொல்லிடுங்க, அன்னைக்கு லீவு போட்டுடறேன்."

ஒன்றுமே இல்லாததில் பதினேழு கோளாறு! தான் பெற்ற புரோகிராமைப் பார்க்க அவளுக்கே புல்லரித்தது. கணினிக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாள். அந்தப் பதினேழையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, புகார் பதியும் அம்மாளைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

"அக்கா, காலி ஃபைல்ல எப்படிக்கா பதினேழு புகார் வந்துச்சு?"

அந்த அம்மாள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? எங்க கோளாறுன்னாலும் ஏதாவது ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்தாத்தான் படிவம் உள்ள போகும். உங்க பட்டியல்ல இருக்கற பத்தைத் தவிர மத்த எல்லாத்தையும்தான் டைரக்டர் ரெண்டாவது வாரம் தொடங்கி வாராவாரம் படிவத்துலேருந்து எடுத்துடறாரே!"