மாப்பிள்ளை போட்ட கோடும் மாமனார் சுமந்த முட்டையும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலமாக இருக்கிறோம். என் சட்டைகள் மட்டும் நலமாக இல்லை. காரணம் கீழே வருகிறது. அங்கு நீங்களும், என் மகளும், அவள் வயிற்றில் இருக்கும் மூன்றாவது நபரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

நிற்க. இந்த வார்த்தையை எழுதும்போதே கால் வலிக்கிறது, அவ்வளவு நின்றிருக்கிறேன்.

இந்த ஊருக்குக் குடிவந்த பிறகும் கார் வாங்க வேண்டாம் என்று நீங்கள் இருவரும் எடுத்த முடிவு நல்ல முடிவு. ஆயுசு பூரா பஞ்சர் ஒட்டியே குடும்பத்தைக் காப்பாத்தினவன் நான், நானே சொல்றேன். கார்ல ஏறினா தெருமுனை தாண்டறதுக்குள்ள என் பொண்ணுக்கு வாந்தி வந்துடும். நீங்க ஓட்டினா, கூட உக்காந்திருக்கற எங்களுக்கும் வந்துடும். லைசென்ஸ் பரீட்சைக்கு நீங்க போய் நின்னாலே அந்த அதிகாரி சீட் பெல்ட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறாராமே? பொண்ணுதான் சொன்னா, என்னை மாட்டி விடாதீங்க. பஸ்ஸுல, ரயில்ல ஜன்னலோரமா உக்காந்துட்டா அவளுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா உக்காரணும் மாப்பிள்ளை. இங்க அவளுக்குக் கெடச்சிருக்கற மருந்துக்கடை வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டே பாக்கற வேலை. அப்படிப்பட்டவ போகும்போதும் வரும்போதும் கம்பியைப் புடிச்சுத் தொங்கக் கூடாது, அதுவும் இந்தச் சமயத்துல. வீட்டுல குழாய் ஒழுகினா நான் பாத்துக்கறேன், சுவர் உதிர்ந்தா நான் பூசிக்கறேன். அவளுக்கு உக்கார எடம் வேணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீங்க கட்டடப் படம் வரையறவர். ஊர் வரைபடத்தை விரிச்சு, வாடகைக்கு வர்ற மூணு வீட்டைக் குறிச்சு, ஸ்கேல் வெச்சு, ஒவ்வொரு வீட்டுலேருந்தும் மருந்துக்கடைக்கு ஒரு கோடு, உங்க ஆபீசுக்கு ஒரு கோடுன்னு இழுத்து, குட்டைக் கோடு உள்ள வீட்டுக்கு முதல் மார்க், நீளக் கோடு உள்ள வீட்டுக்குக் கடைசி மார்க்னு போட்டு அனுப்பினீங்க. “மாமா, சும்மாதானே இருக்கீங்க, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க”ன்னீங்க. சும்மா இருக்கறவன் கையில வேலையைக் குடுக்கறது எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கு யாரும் சொல்லல போல.

டியூப்ல ஓட்டை இருக்கான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. காத்தடிச்சுத் தண்ணியில முக்கணும், குமிழி வந்தா ஓட்டை. வீட்டுக்கும் அதே வைத்தியம்தான்னு முடிவு பண்ணி, ஒரு தட்டு முட்டை வாங்கினேன். காலையில கூட்டம் நெரியற நேரத்துல வீட்டு வாசல்லேருந்து மருந்துக்கடை வாசல் வரைக்கும் தட்டைக் கையில ஏந்திக்கிட்டே போறது. முட்டை ஒழுகினா அந்த வீடு வேண்டாம். பொண்ணு வயித்துல இருக்கறதும் அந்த மாதிரி சமாச்சாரம்தானே?

முதல் மார்க் வீடு. தரகர் ஜன்னலைத் தொறந்து, “பாருங்க, ஸ்டேஷன் இங்கேருந்தே தெரியுது”ன்னார். நிலாவும்தான் ஜன்னல்லேருந்து தெரியுது. வெளியில வந்தா ஸ்டேஷனுக்கும் எனக்கும் நடுவுல கால்வாய். உங்க கோடு தண்ணி மேல நடந்து போயிருக்கு, நான் பாலம் தேடி ஊரைச் சுத்திப் போனேன். ரயில்ல ஏறினா காத்து நுழைய எடமில்ல. டை கட்டின ஒருத்தர் மூக்குக்கு நேரா என் தட்டு.

“பெரியவரே, என்ன இது?”

“முட்டை.”

“அது தெரியுது. எதுக்கு?”

“வீடு பாக்கறதுக்கு.”

அவர் பயந்து பின்னால நகரப் பாத்தார், பின்னால இருந்த கூட்டம் அவரை முன்னால தள்ளிச்சு. டை மஞ்சளாயிடுச்சு. அவர் சொன்னதை எழுதினா இந்தக் கடிதத்தைப் பொண்ணு படிக்க முடியாது.

ரெண்டாவது வீடு ஸ்டேஷனுக்கு எதிர்லயே இருக்கு. கால்வாய் இல்ல, பாலம் இல்ல, நான் உங்களைத் திட்டினதை வாபஸ் வாங்கறதா இருந்தேன். ஆனா நடுவுல வண்டி மாறணும். எறங்கி, மாடி ஏறி, மாடி எறங்கி, நான் போய்ச் சேர்ற நேரம் பாத்துக் கதவைச் சாத்திட்டான். அடுத்த வண்டி வேற எடத்துல வருதுன்னு ஒலிபெருக்கியில சொன்னதும் ஜனங்க ஓடினாங்க, நானும் ஓடினேன். படிக்கட்டுல என்னை முந்திக்கிட்டு முட்டை கீழ போய்ச் சேர்ந்துடுச்சு. துடைக்க வந்த அம்மா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, “ஆம்லெட் போடணும்னா அதை வீட்டுல போடக் கூடாதா ஐயா?”ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

வீட்டுக்கு வந்தா உங்க மாமியார் சட்டையைப் பாத்துட்டு, “நீங்க பொண்ணுக்கு வீடு பாக்கறீங்களா, எனக்கு வேலை பாக்கறீங்களா?”ன்னு ஒரு பிடி பிடிச்சா. அடுத்த தடவை நானும் வரேன்னு கெளம்பிட்டா, தட்டையும் அவளே கட்டிக் குடுத்தா.

இப்ப கவனமாப் படிங்க. மூணாவது வீடு, நீங்க கடைசி மார்க் போட்டுத் தள்ளி வெச்ச வீடு. கோடு நீளம்தான், ஊர்க் கடைசிதான். ஆனா அங்கதான் பஸ் கெளம்புது! பஸ்ஸு காலியா நின்னு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு மாப்பிள்ளை! இதுல உக்காந்தா நேரா அந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டாப், எறங்கினா மருந்துக்கடை வாசல். சாயங்காலம் அங்கேருந்தும் அதே மாதிரி காலியாத்தான் கெளம்புது. உங்க ஆபீஸ் நடு வழியில வருது. திரும்பி வரும்போது உங்களுக்கு எடம் கெடைக்காது, நின்னுக்கிட்டு வாங்க. உங்க வயித்துல ஒண்ணும் இல்லயே, தொப்பையைத் தவிர.

டிரைவரைக் கேட்டேன், “தம்பி, ராத்திரி கடைசி வண்டி உண்டா?”

“நான் வீட்டுக்குப் போக வேணாமா? என் வீடு இங்கதான். எல்லா வண்டியும் தூங்கறதுக்கு இங்கதான் வரும்.”

விடியறதுக்கு முன்னால என்ஜின் சத்தம் கேக்கும், அதை மறைக்க மாட்டேன். குழந்தை அழற சத்தத்துல அது உங்களுக்குக் கேக்காது. வழியெல்லாம் நான் முட்டையை விட்டுக் கண்ணெடுக்கல. தோள் மேல என்னவோ பாரமா அழுத்திக்கிட்டே இருந்துச்சு, அதைக்கூடத் திரும்பிப் பாக்கல. போயிட்டுத் திரும்பியும் வந்தாச்சு, ஒரு சொட்டு ஒழுகல! உலகத்துல இதைவிடப் பெரிய அத்தாட்சி ஏது? வீட்டுக்காரர்கிட்ட சரின்னு சொல்லி சாவியும் வாங்கிட்டேன்.

நீங்கள் மூவரும் எந்நாளும் உக்கார எடம் கெடச்சு, ஜன்னலோரமா, நல்ல காத்தோட்டமா, நீடூழி வாழ வேணும்.

இப்படிக்கு,
முழுசாத் திரும்பி வந்த முட்டைகளுடன்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை முடிச்ச சந்தோஷத்துல ஆம்லெட் போடலாம்னு அந்த முட்டையில ஒண்ணை உடைச்சேன். ஊத்தல. உருண்டுது. உங்க மாமியார் அடுப்பங்கரையிலேருந்து, “ஆமா, கெளம்பறதுக்கு முந்தின நாளே நான்தான் வேக வெச்சேன். இன்னொரு சட்டை துவைக்க என்னால ஆகாது”ன்னா. அடிப்பாவி, சாவி வரைக்கும் வாங்கிட்டேனே, என் சோதனை பூரா பாழாப்போச்சேன்னு கத்தினேன். “முட்டையா அந்த வீட்டுல குடியிருக்கப் போகுது? நான் உக்காந்தேன் இல்ல? போகும்போதும் உக்காந்தேன், வரும்போதும் உக்காந்தேன், உங்க தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கினேன்”னா. கல்யாணம் ஆனதுலேருந்து எந்த வண்டியிலயும் கண்ணை மூடாதவ மாப்பிள்ளை, நான் ஓட்டினாலும் சரி, ஊரான் ஓட்டினாலும் சரி. ஆகவே மேலே எழுதின முட்டைக் கதை எல்லாத்தையும் அடிச்சுடுங்க. வீட்டை மட்டும் அடிக்காதீங்க. உப்பும் மிளகும் எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் வாங்க. வேக வெச்ச முட்டை ரொம்ப நாள் தாங்காது.