பூஜை போட்ட வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை "கூ...ஊ...ஊ" என்று ஒரு விசில் கேட்டபோது அழகுமுத்துவின் வாயில் ரொட்டித் துண்டு இருந்தது. வட்டகொடை ஸ்டேஷனில் அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. அப்படியே ரயில் வந்தாலும் விசில் பள்ளத்திலிருந்துதான் கேட்கும். இது பக்கத்து லயத்து வீட்டு வரிசையிலிருந்து கேட்டது.

"என்னாங்க அது?" என்றாள் அவன் மனைவி ஜெயந்தினி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரைத்த சம்பலை அம்மியிலேயே விட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் ஓடிப்போனாள். அழகுமுத்து கூப்பிட்டால் சாவகாசமாகத் திரும்பிப் பார்க்கிற மனுஷி. ஒரு விசிலுக்கு இந்த ஓட்டம்!

ரொட்டி ஆறியது. தேத்தண்ணியும் ஆறியது. ஜெயந்தினி வரவில்லை. அழகுமுத்து சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தானே கிளம்பினான்.

விஜிதரன் வீட்டு முற்றத்தில் லயமே கூடியிருந்தது. நடுவில் ஒரு பலகை. பலகையின் மேல் ஒரு நீராவி எஞ்சின். பழைய பிரஷர் குக்கர் ஒன்று சிரட்டை நெருப்பில் உட்கார்ந்து கொதிக்க, அதிலிருந்து செப்புக் குழாய் வழியாக ஆவி போய், ஒரு பிரேக் சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டனைத் தள்ளி, ஒரு கப்பியைக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் அவனுடைய ஓடாத வேனிலிருந்து கழற்றிய சாமான்கள். வீட்டுக்குப் பின்னால் வேன் நின்ற இடத்தில் இப்போது போஞ்சிக் கொடி கம்பேறிக் கிடந்தது. விஜிதரனின் மனைவி லோஜினி பளபளக்கும் புதுக் குக்கர் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அழகுமுத்துவின் கண்ணில் போஞ்சியும் படவில்லை, புதுக் குக்கரும் படவில்லை. அவன் ஜெயந்தினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.

"கையா அது? தங்கம்!" என்றாள் ஜெயந்தினி, லயம் முழுக்கக் கேட்கும்படி.

அழகுமுத்துவுக்கு வயிறு எரிந்தது. தேயிலை ஃபேக்டரியில் உலை பார்க்கிறவன் அவன். இந்தத் தோட்டத்தில் நெருப்பு, சூடு, புகை என்றால் அழகுமுத்துதான். ஹட்டனில் த்ரீவீல் ஓட்டுகிற ஒருத்தன் அந்த நெருப்பை வைத்து அவன் பெண்டாட்டியிடமே பேர் வாங்குவதா?

"எப்படி மச்சான் இருக்கு?" என்றான் விஜிதரன். ஜெயந்தினி அவனை அண்ணே என்று கூப்பிடுவதால் அழகுமுத்து அவனுக்கு மச்சான்.

"என்னமோ சுத்துது" என்றான் அழகுமுத்து. "இதெல்லாம் நான் கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்."

"உங்களால முடியாது மச்சான்" என்று சொல்லிவிட்டு விஜிதரன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. அது அழகுமுத்துவின் சட்டைக்குள் போன அட்டை மாதிரி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அழகுமுத்துவிடமும் ஒரு வண்டி இருந்தது. மொரிஸ் மைனர். அவன் மாமா விட்டுப்போன சொத்து. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரே தோட்டத் துண்டில், நாலு டயரும் மண்ணுக்குள் இறங்கி நின்றது. அந்தத் துண்டில் லீக்ஸ் பயிர் போடவேண்டும் என்று ஜெயந்தினி கேட்காத மாதமில்லை. பழைய இரும்பு வாங்குகிற பைஸர் நானா ஹட்டனிலிருந்து பலமுறை வந்து பார்த்துவிட்டும் போனார்.

"பூஜை போட்ட வண்டி" என்பான் அழகுமுத்து. "அடுத்தவன் கை வைக்கக் கூடாது."

பூஜை போட்டது உண்மைதான். ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு வீட்டுக்கு வந்து மொரிஸுக்கும் வைப்பான். செவ்வந்தி மாலை போடுவான். டயருக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பான். மற்றவர்கள் வண்டி பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போகும். இவன் வண்டி நகராது. ஆகவே வண்டியின் சார்பில் அழகுமுத்துவே குதிகாலால் பழத்தை நசுக்குவான். அப்படி வருஷா வருஷம் கும்பிட்ட வண்டியை யார் என்ன செய்ய முடியும்? ஜெயந்தினி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

மறுநாள் உளுந்து வடை வாசனை வந்தது. அழகுமுத்து தட்டோடு உட்கார்ந்தான்.

"அது விஜி அண்ணனுக்கு" என்றாள் ஜெயந்தினி.

"எனக்கு?"

"ஒடஞ்சது ரெண்டு இருக்கு. பாவங்க அந்த மனுஷன், வேலைக்கும் போயிட்டு வந்து எஞ்சினும் செஞ்சிருக்காரு. சில பேரு வேலைக்குப் போயிட்டு வந்தா டிவிதான் பாக்குறாங்க."

"யாரைச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன்."

"நானும் செய்வேன்டி எஞ்சினு! அவனோடதவிடப் பெருசா!"

"சாமானுக்கு எங்கங்க போவீங்க?" என்றவள் திடீரென்று நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, நம்ம வண்டியில மட்டும் கை வச்சிடாதீங்க. பூஜை போட்ட வண்டி!"

"அடுத்தவன்தான் கை வைக்கக் கூடாது. நான் வைக்கலாம். என் வண்டி, என் பூஜை!"

"வேணாங்க. சொன்னா கேளுங்க."

அவள் வேண்டாம் என்றதும் அவனுக்கு வேகம் வந்தது. அன்றைக்கே ஸ்பேனரோடு மொரிஸின் அடியில் படுத்தான்.

முதலில் பிரேக் சிலிண்டரை மட்டும் கழற்றுவதாகத்தான் எண்ணம். ஆனால் விஜிதரன் வந்து எட்டிப் பார்த்தான். "சின்னதா இருக்கே மச்சான்" என்றான். அழகுமுத்து கியர் பெட்டியைக் கழற்றினான். அடுத்த வாரம் ஜெயந்தினி, "விஜி அண்ணன் வேனுல கதவுகூட மிச்சமில்லையாம். அப்பிடி ஒரு மும்முரமாம்" என்றாள். அழகுமுத்து நாலு கதவையும் பெயர்த்தெடுத்து முன் முற்றத்தில் எஞ்சினுக்கு மேடை கட்டினான். மழையில் நனைந்தால் துருப்பிடிக்குமே என்று அவள் கவலைப்பட்டாள். வண்டியின் கூரையை அறுத்தெடுத்து மேடைக்குக் கூரை போட்டான். வேலை முடிந்து வந்தால் டிவி இல்லை, சீட்டாட்டம் இல்லை. கனவிலும் விஜிதரனின் சிரிப்பு வந்தது.

கடைசியில் பாய்லருக்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

"நம்ம குக்கர எடுத்துக்குங்க" என்றாள் ஜெயந்தினி.

பருப்புக் கரண்டி தொட்டால்கூடச் சண்டைக்கு வருகிறவள் குக்கரையே தூக்கிக் கொடுக்கிறாள். அழகுமுத்துவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவனுக்குக் கண் கலங்கியது. இவளுக்கும் நம் மேல் நம்பிக்கை வந்துவிட்டதே என்று உருகிப்போய், அந்த வாரமே தலவாக்கலைக்குப் போய்ப் புதுக் குக்கர் வாங்கி வந்தான்.

வெள்ளோட்டத்துக்கு லயமே திரண்டு வந்தது. அழகுமுத்து எஞ்சினுக்குக் குங்குமம் வைத்தான். முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துப் பழைய பழக்கத்தில் தானே மிதித்தான். நெருப்பைப் பற்றவைத்தான். தண்ணீர் கொதித்தது. ஆவி சீறியது. ஒரு தள்ளு தள்ளிவிட்டான். சக்கரம் முக்கியது, முனகியது, பிறகு சுற்றியது பாருங்கள், கூரைத் தகரமே அதிர்ந்தது! விசிலைத் திறந்தான். கொழுந்து மலையில் மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"கையா அது? தங்கம்!" என்றாள் ஜெயந்தினி.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். அழகுமுத்துவுக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போது விஜிதரனின் முகம் கறுத்திருக்குமே என்று ஆசையோடு திரும்பினான். விஜிதரன் கை தட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பொறாமை மருந்துக்கும் இல்லை. அழகுமுத்துவுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அப்போது வீட்டுக்குப் பின்னால் லொறிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். பைஸர் நானாவின் ஆட்கள் மொரிஸின் மிச்ச எலும்பை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியைச் சுற்றியிருந்த மண்ணெல்லாம் ஏற்கெனவே கொத்திப் பாத்தி கட்டி, வரிசையாக லீக்ஸ் நாற்று நட்டிருந்தது. எஞ்சினே கதியென்று முற்றத்தில் கிடந்தவன் அதைக் கவனிக்கவில்லை.

"ஏய்! பூஜை போட்ட வண்டி!" என்று அலறினான்.

"வண்டி எங்கங்க இருக்கு?" என்றாள் பின்னாலேயே வந்த ஜெயந்தினி. "பூஜை போட்டதெல்லாம் அந்தா எஞ்சினா சுத்துது. இது வெறும் தகரம். நீங்கதானே உங்க கையால கழட்டுனீங்க? அடுத்தவன் யாரும் கை வைக்கலையே."

அழகுமுத்து லொறியையே பார்த்தான். மாமாவின் வண்டி. என்றைக்காவது ஒருநாள் ஜெயந்தினியை முன் சீட்டில் உட்காரவைத்து நுவரெலியாவுக்கு ஓட்டிப்போக நினைத்த வண்டி. இனி அது நடக்காது. அழுதுவிடுவான் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "கையா அது? தங்கம்!"

சொன்னது மேல் லயத்து அழகம்மா. பக்கத்தில் அவள் புருஷன் ஆண்டியப்பன் எஞ்சினையே முறைத்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடாத ஜீப் ஒன்று காலம் காலமாக நிற்பது ஊருக்கே தெரியும். அவர் முகம் கறுத்துக் காதில் புகை வராத குறைதான். அழகுமுத்துவின் துக்கம் பாதி இறங்கிவிட்டது. அவனைப் பார்த்தும் ஒருத்தர் வயிறு எரிகிறார்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்துக்குப் போய் இன்னொரு விசில் அடித்தான்.

சாயந்தரம் கூட்டம் கலைந்ததும் ஜெயந்தினி சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தாள். உடையாத வடை. அழகுமுத்து ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைக் கடித்தான்.

"ஆண்டியப்பண்ணனோட மொகத்தப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன், பாத்தேன். நாளைக்கு எஞ்சினப் பாக்க வருவாரு. ஜீப்பு நிக்கிற எடத்துல கேரட்டு போட்டா நமக்கும் பங்கு உண்டுன்னு அழகம்மா அக்கா சொல்லிட்டாங்க" என்றபடி அவன் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். "நீங்க வேற ஒண்ணும் பேச வேணாம். 'உங்களால முடியாதுண்ணே'ன்னு மட்டும் சொல்லிட்டு லேசா சிரிங்க. நானும் லோஜினியும் சொல்லிக்குடுத்து விஜி அண்ணே உங்களப் பாத்துச் சிரிச்சாரே, அதே மாதிரி."