செய்மதிக்கு அழுத மாப்பிள்ளை

கோபக்காரனைப் பெண் பார்க்க அனுப்புவதே பிழை. அவன் வானொலிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக விடுவது அதைவிடப் பெரிய பிழை. என் வீட்டார் இரண்டையும் ஒரே நாளில் செய்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட காலம். நான் கொக்குவிலில் ஒரு டியூட்டரியில் பௌதிகம் படிப்பித்தேன். கத்திக் கத்தியே படிப்பித்தேன். அந்தக் கீர்த்தியால் இரண்டு சம்பந்தம் குழம்பிப்போனது. மூன்றாவது வல்வெட்டித்துறையில்.

"அண்ணை, இதுவும் போச்செண்டால் இனி ஒருத்தரும் பொம்பிளை தரமாட்டினம். கோவப்படாதை, கனக்கக் கதையாதை," என்று தங்கச்சி சொல்லி அனுப்பினாள்.

கதையாமல் இருக்கத்தான் வானொலியைக் கொண்டுபோனேன். (மூளையைப் பாருங்கள்!) கப்பலில் வேலை செய்த சித்தப்பா கொண்டுவந்த பெட்டி. வானொலியைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் வெளிநாட்டு ஆட்கள் தாங்களே செய்து, பூமியைச் சுற்ற ரொக்கட்டில் அனுப்பிய ஒரு சின்னச் செய்மதியின் 'பீப், பீப்' அதில் கேட்கும். அன்று பின்னேரம் அது எங்கள் தலைக்கு மேலால் போகவேண்டும்.

முற்றத்து முருங்கையில் ஏரியல் கம்பியைக் கட்டி, என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தேன். பெண்ணின் தகப்பன், "நான் சுத்துறன் தம்பி," என்று பெடலைப் பிடித்தார். சத்தம் வந்தது.

"வருது! மேலாலை வருது!" என்று கத்தினேன்.

பெண்ணின் தாய் பயற்றம்பணியாரத் தட்டோடு முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் குதித்துவிட்டார். (அந்த நாளில் மேலால் வருவது குண்டு போடும் பொம்பர் மட்டும்தான்.)

"பொம்பர் இல்லை மாமி, செய்மதி! பிஸ்கட் தகரமளவு!" (அவர் இன்னும் மாமி ஆகவில்லை.)

ஏறி வந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும். பயமில்லாமல் வானத்தைப் பார்த்து எவ்வளவு காலம்! எனக்கு மயிர் கூச்செறிந்தது. வாயும் திறந்துகொண்டது.

"உதுக்கு எஞ்சின் இல்லை, விலத்த ஏலாது. அங்கை உடைஞ்ச ரொக்கட், ஆணி, பெயின்ற் துண்டு எல்லாம் துவக்காலை சுட்ட சன்னத்தைவிடக் கெதியாய்ச் சுத்துது. ஒரு ஆணி பட்டால் காணும், தூள்!"

பீப் நின்றது.

"அடிச்சுப்போட்டுது! பாவியள்! கீழை போட்ட குப்பை காணாதெண்டு மேலையும் போட்டிருக்கிறாங்கள்!"

வல்லரசுகளைப் பெயர் சொல்லித் திட்டினேன். போதாதென்று அழுதேன். பெண்ணின் தாய் செத்தவீட்டில் செய்வதுபோல என் முதுகைத் தடவினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "செய்மதி செத்ததெண்டால் ரேடியோவின்ரை இரைச்சலும் ஏன் நிண்டது? அப்பா, நீங்கள் பெடலை விட்டிட்டியள்."

என் கதையைக் கேட்டு, ஆவென்று வானத்தைப் பார்த்து நின்ற மனிதர் திடுக்கிட்டுச் சுற்றினார். பீப், பீப். அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பௌதிக மாஸ்ரருக்கு மூக்கு ஒழுகியது.

சம்பந்தம் குழம்பவில்லை. "ஒரு தகரத்துக்கு இப்பிடி அழுகிற மனுசன் கத்தினால் கத்தட்டும்," என்றாளாம். இன்றைக்கும் நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், "அப்பாவைக் குப்பை அடிச்சிட்டுது, ஆரும் பெடலைச் சுத்துங்கோ," என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்.

கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அந்தச் செய்மதி உண்மையாகவே பேசாமல் விட்டது. ஏதாவது பட்டதோ, பற்றரிதான் தீர்ந்ததோ, யாருக்குத் தெரியும்? அன்று ஒருவரும் பகிடி பண்ணவில்லை. வெறும் இரைச்சலைக் கேட்டபடி மாமா சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் விடேல்லைத் தம்பி," என்றார். "இந்தா பாரும், நான் விடேல்லை."