துண்டு போட்டு மூடிய பேருந்து

திண்டிவனம்,
10-10-2011

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மைத்துனன் சுதாகருக்கு, மாமா விருத்தாசலம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா பவுனு என்னைவிட நலம். நீயும் வெயிலில் அலையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மயிலம் முருகன் துணையிருப்பான். நீ அனுப்பிய, பொம்மை வீடு கட்டும் பிளாஸ்டிக் பிளாக்ஸ் பெட்டி வந்து சேர்ந்தது. ஆனால் மச்சான், இனிமேல் ஒரு பிளாக் கூட அனுப்பாதே. இந்த உள்ளாட்சித் தேர்தல் அதையும் விட்டுவைக்கவில்லை.

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை விற்கும் சக்கரபாணியும் நானும் பால்ய சிநேகிதர்கள் என்பதும், அவன் ஒரு கட்சி நான் ஒரு கட்சி என்பதும், தேர்தல் வந்தால் எதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்பதும் உனக்குத் தெரியும். அவன் மகள் கல்யாணம் தேர்தல் சமயத்தில் வந்து தொலைத்ததால், பந்தியில் உட்காராமல் மொய் மட்டும் எழுதிவிட்டு வந்தவன் நான். நான் பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, பொழுது போகாமல் உன் பிளாக்ஸை வைத்து வீடு கட்டிப் பழகியபோது வேடிக்கை பார்க்க வந்து குந்திய சக்கரபாணி, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் அம்பிகா சேர்ந்தாள், கல்யாண மண்டபம் பச்சமுத்து சேர்ந்தார். திண்டிவனம் பிளாக்ஸ் நண்பர்கள் மன்றம் என்று போர்டு மாட்டினோம். மன்றம் என்று போட்டதுதான் தப்பு. மறுநாளே இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து, "உங்க ஆதரவு யாருக்குங்க?" என்று கேட்டார்கள். உள்ளே அரசியல் வந்தால் சக்கரபாணி மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்த வயதில் இன்னொரு சிநேகிதனுக்கு நான் எங்கே போவேன்? ஆகவே தலைவர் என்ற முறையில் ஒரே ஒரு விதி போட்டேன். எந்தக் கொடியும், எந்தச் சின்னமும், எந்த ரூபத்திலும் மன்றத்துக்குள் வரக் கூடாது.

பச்சமுத்து மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. ஒரு முழு ஊரையே கட்டி வைப்பதாக ஏற்பாடு. சக்கரபாணி மலை கட்டி, மலைக்கு மேலே சூரியனை வைத்தான். "சின்னம்யா அது, எடு" என்றேன். "சூரியன் இல்லாத ஊரு எங்கய்யா கீது?" என்றான். "அப்ப ராத்திரி ஆக்கிடு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே நிலாவை வைத்தான். அம்பிகா ஒரு செடி வைத்தாள், எண்ணிப் பார்த்தால் சரியாக இரண்டு இலை. மூன்றாவது வைத்த பிறகுதான் விட்டேன். எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு கொடி வந்து நின்றதால், வீட்டுக்கு ஒரே நிறம் என்று உத்தரவு போட்டேன். இத்தோடு போயிற்றா? சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். அவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? வீட்டுச் சாமான் அத்தனையும்! மின்விசிறி போயிற்று, ஏணி போயிற்று, பூட்டு சாவி போயிற்று, விளக்கு போயிற்று. அம்பிகா ஆசை ஆசையாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் கட்டில் போயிற்று. "கட்டில எடுத்துட்டா பேஷண்ட எங்க சார் படுக்க வெக்கறது?" என்றாள். "தரையில பாய் போடும்மா, பாய் இன்னும் யாருக்கும் குடுக்கல" என்றேன். ஊரில் வெளிச்சமில்லை, காற்றில்லை, ஒரு கதவுக்கும் பூட்டில்லை. நானோ டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த உற்சாகத்தில் திரிந்தேன். வீட்டில் கேட்க ஆளில்லை. உன் அக்கா மகளிர் குழுக் கூட்டம் என்று காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். நடுவில் ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ வேறு எடுத்துக்கொண்டு வந்தாள், குழுவுக்காம். கேப்பைக் கூழை நானே கரைத்துக் குடித்துக்கொண்டேன்.

என் பங்குக்கு நான் கட்டியது ஒரு பேருந்து. விழுப்புரம் - திண்டிவனம் ரூட்டு வண்டி. மூன்று மாதமாக அடுப்பு மேடையில் வைத்துக் கட்டினேன். ஸ்டியரிங், படிக்கட்டு, கண்டக்டர் சீட்டு, ஒன்றையும் விடவில்லை. சனிக்கிழமை சக்கரபாணி வாயெல்லாம் பல்லாக வந்தான். "தலைவரே, ரூலுன்னா ரூலுதான?" என்றான். "அதுல இன்னாய்யா சந்தேகம்?" என்றேன். "நம்ம வார்டுல ஒரு சுயேச்சைக்கு பஸ்ஸு சின்னம் குடுத்துகிறாங்க. உன் வண்டிய எப்போ எறக்கப் போறே?" என்றான். யாருக்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சுதாகர், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்ணீர் வந்துவிட்டது. பிரிக்க மனசு வரவில்லை. தேர்தல் வந்தால் சிலைகளைத் துணி போட்டு மூடுகிறார்களே, அதைப் போல என் தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்தில் ஒருத்தரும் ஊரைப் பார்க்கவில்லை. எல்லோரும் துண்டைச் சுற்றியே நின்றார்கள். "உள்ள இன்னா கீதுன்னு கேட்டுக்கினே கீறாங்க, ஒரே பேஜாரா கீது தலைவரே" என்று பச்சமுத்து புலம்பினார். அந்த நேரம் பார்த்துத் தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்து நின்றது. அதிகாரி நேராகத் துண்டிடம் வந்தார். "என்ன இது, வாக்காளருக்குப் பரிசுப் பொருளா?" "சார், அரசியல் வேணாம்னுதான் மூடி வெச்சிருக்கேன்." "தொறங்க." கூட வந்தவர் வீடியோ எடுக்க, துண்டை எடுத்தேன். அதிகாரி குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். "இது பஸ்ஸுங்க. இதுக்கு எதுக்குத் துண்டு? இப்படிப் பார்த்தா ரோட்டுல ஒரு வண்டி ஓட முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் சக்கரபாணி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பொம்மை. "யாருய்யா இது, மல்லாட்ட மூட்டையோட?" என்றான். "நீதான்யா" என்றேன். மறுபடியும் குனிந்து உற்றுப் பார்த்தான். அப்புறம், "டிக்கெட் எடுத்தனா?" என்றான். "எடுக்கல. செக்கிங்ல வுட்டுட்டேன்" என்றேன். என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தானா அழுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் பையிலேயே வைத்திருந்த சூரியனை எடுத்து மலைமேல் வைத்தேன். ஊருக்குப் பொழுது விடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வந்தது, வீடுகளுக்கு விசிறி வந்தது.

ஆனாலும் உறுதியாகச் சொல்கிறேன் மச்சான், பொம்மை வேறு, அரசியல் வேறு. நான் உயிரோடு இருக்கும்வரை என் பேருந்து எந்த வேட்பாளருக்கும் ஒரு ஓட்டுக்கூட வாங்கித் தராது. இது சத்தியம். உனக்குச் சம்பளம் கூடவும், அடுத்த லீவுக்குள் நல்ல இடத்தில் பெண் அமையவும் மனதார வாழ்த்தும்,

உன் மாமா,
விருத்தாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்து ஒரு கட்டு நோட்டீஸை மேசைமேல் போட்டாள். மேலே அந்த ஸ்டூடியோ போட்டோ, கீழே பேருந்து. சுயேச்சை வேட்பாளர் வி. பவுனு! முன்மொழிந்தவன் அந்தத் திருட்டு சக்கரபாணி. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று கத்தினேன். "உங்ககிட்டதான் அரசியலே பேசக் கூடாதே. தெருவுல கொழாத் தண்ணி வரலன்னு குழுவுல என்னை நிக்கச் சொன்னாங்க, நின்னுட்டேன். இன்னா சின்னம் வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க. மூணு மாசமா அடுப்பு மேடையில அதையேதான பாத்துக்கினு கீறேன், வாயில அதான் வந்துது" என்றாள். ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாகச் சக்கரபாணியும் நானும் ஒரே சின்னத்தில் குத்தப் போகிறோம். தெருவுக்கு ஒரு பேருந்து கட்ட வேண்டும். ஊருக்கு வருகிற ஆள் யாரிடமாவது பிளாக்ஸ் ஜல்தியாகக் கொடுத்தனுப்பு, சக்கரம் நிறைய வேண்டும். கண்காட்சியை இன்னும் ஒரு வாரம் நீட்டித்திருக்கிறோம். இப்போது எங்களுக்கு எதிர்க்கட்சிச் சின்னம் என்பதால், தன் கட்சிச் சூரியனைச் சக்கரபாணியே தன் கையால் எடுத்துவிட்டான்.