செயின்மேன் அளந்து வாங்கிக் கொடுத்த ஜீப்

முதலில் ஓர் அவமானத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பஸ் மூச்சிரைக்க ஏறும் மிகப் பெரிய மேடு ரயில்வே மேம்பாலம்தான் என்கிற தஞ்சாவூர்ப் பக்கத்தில், நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற ஜீப் ஒன்றை நான் சொந்தக் காசில் வாங்கினேன். அதையும் ஒரு மூங்கில் கோலின் சிபாரிசில் வாங்கினேன்.

கோல் செயின்மேனுடையது. குடவாசல் தாலுகாவில் அளக்காமல் எதையுமே நம்பாத ஒரே மனிதர் அவர்தான். அவர் அளந்ததையெல்லாம் நம்பிய ஒரே மனிதன் நான்.

சர்வேயருக்கு முன்னால் சங்கிலி பிடித்துக்கொண்டு வயல் வயலாக நடப்பது அவருடைய உத்தியோகம். முப்பது வருஷம் நடந்தார். ரிட்டயரான அன்று டிபார்ட்மெண்டில் சங்கிலியை எழுதி வாங்கிக்கொண்டு ஆளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே தோப்பில் ஒரு மூங்கிலை வெட்டிக் கோலாக்கிக்கொண்டார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று லுத்தரன் கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுத்தவர்கள் யாரும் இல்லை. பாதிரியாரே பிரசங்கத்துக்கு நடுவில், "செயின்மேன், தூங்காதீங்க" என்றுதான் சொல்வார்.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுச் சீரில் இரும்பு பீரோ உண்டு. செயின்மேன் பெண் வீட்டுக்குப் போய் பீரோவை அளந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து மாடிப்படியை அளந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"பீரோ திரும்பாது" என்றார் மாப்பிள்ளையின் அப்பாவிடம்.

"அதுக்கு இப்ப என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

"பீரோவை மாத்துங்க. இல்லன்னா சம்பந்தத்தை மாத்துங்க. தாலி கட்டினப்புறம் வந்து என்னைக் கேக்காதீங்க."

பீரோவை மாற்றினார்கள். பிற்பாடு அந்தத் தம்பதி தெருவில் நின்று பேசிக்கொண்டதைக் கேட்டபோது, இரண்டாவது யோசனையையும் பரிசீலித்திருக்கலாமே என்று எனக்குப் பட்டது.

அது ஊரே ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூர், துபாய், சென்னை என்று போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் போகிற வேகத்தில் வயலை விற்றார்கள். நான் தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு, அங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். இந்தியா கதவைத் திறந்துவிட்டது என்று காலையில் பையன்களுக்குச் சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனைவி விஜயா கதவருகே நின்று, நம் வயலை எப்போது விற்பது என்று கேட்பாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் வயலைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனேன். பட்டுப்புடவையோடு வரப்பிலிருந்து வழுக்கி, இடுப்பளவு சேற்றில் நின்றாள். கரையேற்றிய ஆட்கள் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். அதன்பிறகு அந்த வயலை அவள் பார்க்கவில்லை. இப்போது கும்பகோணத்திலிருந்து ஒரு தரகர் வந்து நல்ல விலை சொல்லியிருந்தார். எனக்கோ அப்பா வைத்துவிட்டுப் போன ஒரே நிலம். சனி, ஞாயிறில் நானே போய் விவசாயம் பார்ப்பேன் என்று வீரமாகச் சொன்னேன்.

"எப்படிப் போவீங்க?"

"வண்டி வாங்கப் போறேன். திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும் காலேஜுக்கு. சனிக்கிழமை வயலுக்கு."

விஜயா கொஞ்சம் யோசித்தாள். "சரி. அந்த வண்டியில என்னை ஒக்கார வச்சு, என் கால்ல சேறு படாம மோட்டார் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய் இறக்குங்க. இறக்கிட்டீங்கன்னா வயல் இருக்கட்டும். இல்லன்னா தரகருக்கு ஃபோன் போட்டுடணும். சரியா?"

சரி என்றேன். பொருளாதாரம் படித்தவன் செய்கிற ஒப்பந்தம் அல்ல அது.

மோட்டார் கொட்டகைக்கு ஒரே வழிதான். தார் ரோட்டிலிருந்து இறங்கி, ஒரு மதகைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. பாதைக்கு இடது பக்கம் என் வயல். வலது பக்கம் செயின்மேனின் அரை ஏக்கர். ஆகவே அவரிடம் போனேன்.

"ஹார்ஸ்பவர் அது இதுன்னு சொல்லி மயக்குவான் தம்பி, காதுல வாங்காதீங்க" என்றார். "வண்டிதான் தினுசு தினுசா வரும். நிலம் நகராது. பாதைக்கு வண்டியைத் தேடணும்."

ரிட்டயரான வருஷமே அந்தப் பாதையின் அகலத்தைக் கோலில் வெட்டுக்குறி போட்டு வைத்திருந்தார். அந்தக் குறிக்குள் அடங்குகிற வண்டியைத் தேடி, இரண்டு பேரும் கோலும் திருச்சிக்கு பஸ் ஏறினோம். கோலுக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.

திருச்சி ஷோரூமில் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை வரவேற்றார். "எந்த மலைக்கு சார் போவீங்க? கொடைக்கானலா, கொல்லிமலையா?"

"கொடவாசல்."

"அங்க மலை இருக்கா சார்?"

"இல்லை."

"அப்ப காட்டுப் பாதையா?"

"காடும் இல்லை."

"பின்ன எதுக்கு சார் ஃபோர் வீல்?"

"மனைவியை இறக்கிவிட" என்றேன்.

அதற்குள் செயின்மேன் பளபளக்கும் புது வண்டியின் அடியில் பாதி நுழைந்திருந்தார். வெளியே தெரிந்த பாதியைப் பார்த்து மானேஜர் ஓடி வந்தார். செயின்மேன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, "ஒரு சாண் அகலம் கூடுதல்" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். நாங்கள் வெளியேறினோம்.

அப்புறம் பட்டுக்கோட்டையில் ஒரு மிலிட்டரி ஏலத்து ஜீப். கோலுக்குள் கச்சிதமாக அடங்கியது. ஆனால் கதவு இல்லை, கூரை இல்லை, காலேஜுக்குப் போய்ச் சேரும்போது ஆளும் இருப்பானா என்று சொல்ல முடியாது. கடைசியில் அதிராம்பட்டினத்தில் மரக்கடை வைத்திருந்த ஒரு பாய் விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மூடின ஜீப். அகலம் குறிக்கு நாலு விரல் உள்ளே. பாய் பெருமையோடு ஒரு குட்டிக் கியரைத் தொட்டுக் காட்டினார்.

"இதைப் போட்டாத்தான் நாலு சக்கரமும் இழுக்கும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட நான் போட்டதில்ல. புதுசாவே இருக்கு பாருங்க."

"ஏன் பாய் போடல?"

"போட்டா எடுக்கத் தெரியாது தம்பி."

செயின்மேன் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. வண்டியின் படி உயரத்தை அளந்துகொண்டிருந்தார். "அம்மா டவுன் பஸ்ல ஏறுறாங்கல்ல? அந்தப் படியை நேத்தே அளந்துட்டேன். இது நாலங்குலம் ஒசரம். ஒரு மணை போட்டுக் குடுத்தா ஏறிடுவாங்க." என் மனைவி ஏறுவதற்காக டவுன் பஸ்ஸை நிறுத்தி அளந்த மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. வண்டியை வாங்கிவிட்டேன்.

அந்த ஜீப்போடு தஞ்சாவூரில் ஐந்து நாள் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் மகிமை தெரியும். அந்தக் காலத்தில் ஜீப் என்றால் சர்க்கார். போலீஸ், தாசில்தார், அல்லது கடன் வசூல். கீழவாசல் மார்க்கெட்டுக்குள் நான் நுழைந்ததும், தரையில் கடை விரித்திருந்தவர்கள் சாக்கோடு கத்திரிக்காயைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் மறைந்தார்கள். விஜயா மணையைப் போட்டு இறங்குவதற்குள் தெருவே துடைத்துவிட்டது போலக் காலியாகிவிடும். ஒரு வாரம் எங்கள் வீட்டில் அப்பளம்தான். காலேஜில் டிராக்டர் கடன் வாங்கியிருந்த லேப் அட்டெண்டர் ஒருவர், என் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பின்வாசல் வழியாக விடுப்பில் போனார்.

ஆனாலும் சனிக்கிழமை வந்தது. நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த சமயம். விஜயா மணையில் ஏறி, ஜீப்பில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். செயின்மேன் கோலைத் தோளில் சாய்த்து, சாமி ஊர்வலத்தில் சிலுவைக்கு முன்னால் நடக்கிறவர் போல எங்களுக்கு முன்னால் நடந்தார். மதகில் இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம். "வாங்க, வாங்க, வாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினார். அளந்தவருக்கு எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

பாதி தூரத்தில் இடது பின்சக்கரம் இறங்கியது.

பாய் தொட்டே பார்க்காத அந்தக் குட்டிக் கியரைப் போட்டேன். அதுவரை ஒரு சக்கரம்தான் புதைந்திருந்தது. இப்போது நாலும் ஒற்றுமையாகப் புதைய ஆரம்பித்தன. ஜீப் என் வயல் பக்கமாகச் சாய்ந்து, யோசிப்பதுபோல நின்றது.

செயின்மேன் திரும்பி வந்தார். கோலைப் பாதைக்குக் குறுக்கே வைத்தார். முனையை இந்தக் கரையில் வைத்தால் வெட்டுக்குறி அந்தக் கரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதை ஒரு சாணுக்கு மேல் மெலிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்கி மண் அணைப்பார்கள். செதுக்குகிற மண்வெட்டி பொதுப்பாதை பக்கமாக ஒரு விரல் தாராளமாகப் போகும். யாரும் திருடுவதில்லை, மண்வெட்டி போகிறது, அவ்வளவுதான்.

சாய்ந்த ஜீப்பிலிருந்து விஜயா நிதானமாகக் கேட்டாள். "இந்தப் பக்கம் யாரு வெட்டினது?"

"ஆளுங்க வெட்டியிருப்பாங்க" என்றேன்.

"யாரு ஆளுங்க?"

"நம்ம ஆளுங்க." முந்தின வருஷம் கொஞ்சம் தள்ளியே வெட்டச் சொன்னது நான்தான் என்பதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

"அந்தப் பக்கம்?"

செயின்மேன் தலையைக் குனிந்துகொண்டு, "நானுந்தாம்மா" என்றார்.

"ரெண்டு பேருமாச் சேந்து வெட்டின குழியில, என்னைக் கொண்டாந்து எறக்கியிருக்கீங்க."

மூன்று மணி நேரம் கழித்து டிராக்டர் வந்து பின்னால் இழுத்தது. அதுவரை விஜயா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒப்பந்தப்படி அன்றே தரகருக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். ஆனால் தார் ரோட்டில் ஏறியதும், வெயிலில் கோலோடு நின்றிருந்த செயின்மேனை அவள் திரும்பிப் பார்த்தாள். "தரகர் பதினஞ்சு நாள் கழிச்சுத்தானே வராரு. அதுவரைக்கும் பாப்போம்" என்றாள்.

மறுநாளே செயின்மேன் மண்வெட்டியோடு பாதையில் இறங்கினார். கோலில் ஒரு சின்ன வெட்டு போதும். புதுக் குறிக்கு ஏற்ற வேறு வண்டி தேடியிருக்கலாம். அவர் தன் வயலை வெட்டினார். தன் பக்கத்தில் நட்டிருந்த பயிரை ஒன்றரைச் சாண் அகலத்துக்கு, பாதை நெடுகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் செங்கல் கப்பியும் மண்ணும் கொட்டித் திமிசு போட்டு இடித்து இறுக்கினார். நான் பெருந்தன்மையோடு, "என் பக்கமும் பாதி விட்டுடறேனே" என்றேன்.

"உங்க பக்கம் பயிர் நல்லாப் பிடிச்சிருக்கு, விடுங்க. நான் விட்டுடறேன்."

நான் மறுக்கவில்லை. தவறு செய்தவர் பரிகாரம் செய்கிறார், குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு. ஒலகத்தை அவரும் அளந்துதானே பண்ணியிருப்பாரு" என்றார்.

பதினாலாம் நாள் விஜயா மோட்டார் கொட்டகையில் இறங்கினாள். காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. சுற்றும் முற்றும் பச்சையைப் பார்த்தாள். "இவ்வளவு நல்லா இருக்கும்னு ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள். தரகரிடம் அவளே பேசி அனுப்பிவிட்டாள்.

அந்த ஜீப் அப்புறம் எட்டு வருஷம் உழைத்தது. வயல் இன்றும் இருக்கிறது.

போன வருஷம் எனக்கு அடுத்த நிலத்தை யாரோ மனை போடுவதற்கு வாங்கினார்கள். எல்லைக் கல் நட ஒரு இளம் சர்வேயர் கம்ப்யூட்டர் வைத்த கருவியோடு வந்தார். அளந்து முடித்துவிட்டு, பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார், பாதைன்னு இங்க ரெக்கார்டுல எதுவுமே இல்ல. மதகுலேந்து கொட்டகை வரைக்கும் முழுக்க அந்தப் பெரியவர் பட்டா. நீங்க இத்தனை வருஷமா அவரு வயல்லதான் வண்டி ஓட்டியிருக்கீங்க."

நான் பக்கத்தில் நின்ற செயின்மேனைப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயலை முதன்முதலில் சர்க்காருக்காக அளந்தபோது சங்கிலி பிடித்ததே அவர்தான். அப்படியானால் அவர் வெட்டியது அவருடைய மண். நான் வெட்டியதும் அவருடைய மண். விட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

சர்வேயர் போனதும் கேட்டேன். "தெரிஞ்சேவா அன்னிக்கு வீட்டுக்காரி முன்னாடி தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க வித்துட்டுப் போயிருப்பீங்க. நல்லா வெவசாயம் தெரிஞ்ச ஒருத்தன் வந்திருப்பான். தண்ணிக்கு எங்கிட்ட தெனம் சண்டை போட்டிருப்பான்" என்றார். பிறகு என் வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினார்.

"உங்களால அந்தத் தொந்தரவே இல்ல தம்பி."