தேங்காய் நார் அடைத்த துப்பாக்கி

பெண் கேட்டுப் போகிறவன் கையில் பூ கொடுக்கலாம், பழம் கொடுக்கலாம், ஸ்வீட் பெட்டி கொடுக்கலாம். துப்பாக்கி மட்டும் கொடுக்கக் கூடாது. இதை நான் ஒரு பொது உண்மையாகவே சொல்கிறேன். அனுபவித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் துபாயில் ஏசி மெக்கானிக். அல் குசைஸில் நாங்கள் நாலு பேர் ஒரே ரூமில் இருந்தோம். ஜெனிட்டா பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ். அந்தக் கிளினிக்கின் ஏசியைச் சரி செய்யப் போனபோது, அவள் அப்போதுதான் துடைத்து வைத்திருந்த தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். "கண்ணு தெரியுதா ஒங்களுக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துபோயிற்று. பிறகு அந்த ஏசி அடிக்கடி பழுதானது. (எப்படிப் பழுதானது என்று கேட்காதீர்கள். நான் தொழில் தெரிந்தவன்.)

அவளுடைய அப்பா மரியதாஸ் மாமா, ராசல்கைமாவில் மலையடிவாரத்து ஈச்சந்தோட்டம் ஒன்றுக்கு மேனேஜர். வாலிப வயதில் வந்தவர், அதே தோட்டம், அதே அர்பாப். அர்பாப் என்றால் முதலாளி. மாமாவின் விசாவும் வீடும் சோறும் அந்தக் கிழவரின் கையெழுத்தில்தான் இருந்தன. வருஷக் கணக்கில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு சின்னக் குறை வராமல் பார்த்துக்கொண்டவர் மாமா.

ஜெனிட்டாவுக்கு சவுதி ஜுபைலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெட்ரோ கெமிக்கல் பிளான்ட்டில் நிரந்தர வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸ், மீசைகூட ஒழுங்காக வெட்டியிருப்பான் (போட்டோவில் பார்த்தேன், வயிறு எரிந்தது). அவனுக்கு எதிரே ஒரு ஏசி மெக்கானிக் எப்படி நிற்பது? என் சித்தி ஊரிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். உடனே போனில், "எங்க பையன் வேட்டைக்காரக் குடும்பமாக்கும். அவன் தாத்தா களக்காட்டு மலையில நாட்டுத் துப்பாக்கியோட திரிஞ்சவரு" என்று அளந்துவிட்டாள்.

என் தாத்தாவும் அப்பாவும் தூத்துக்குடி துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர்கள். எங்கள் பரம்பரையில் யாராவது ஓர் உயிரைக் குறிபார்த்து வீழ்த்தினார்கள் என்றால் அது கொசு. நானே துப்பாக்கி பிடித்தது கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடையில்தான். அங்கேயும் பலூன்காரர் கடைசியில் இரக்கப்பட்டுத் தன் கையாலேயே ஒன்றைக் குத்தி உடைத்துவிட்டு, "போ தம்பி, அடுத்த வருசம் வா" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்னைத் தோட்டத்துக்குச் சாப்பிட வரச் சொன்னார் மாமா. பார்த்துப் பேசி, பிடித்தால் அன்றே சரி என்று சொல்லிவிடுவார். பிடிக்காவிட்டால் ஜுபைல். வாசலில் இறங்கும்போதே ஜெனிட்டா காதோடு சொன்னாள்: "ஜுபைல்காரங்க ராத்திரி போன் பண்ணுவாவ. அதுக்குள்ள அப்பா வாயில ஒரு வார்த்த வரணும். என்ன செய்வியளோ எனக்குத் தெரியாது."

சரி என்று கம்பீரமாகத் தலையாட்டினேன். அந்த நேரத்தில்தான் அந்த வான்கோழி வந்தது.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அர்பாப் ஆசையாக வாங்கிய ஜோடியில் மிஞ்சியது அது. கூட்டை உடைத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் தனியாட்சி நடத்திக்கொண்டிருந்தது. வேலையாட்களை விரட்டும். அர்பாப்பின் வெள்ளை லேண்ட் குரூஸர் கதவில் தன் உருவத்தைப் பார்த்தால் எதிரி வந்துவிட்டான் என்று கொத்தும். பிடிக்கப் போனால் பறந்து மரத்தில் ஏறிக்கொள்ளும். வலை போட்டார்கள், தானியம் வைத்தார்கள், ஒன்றும் மாஃபி, எதுவும் பலிக்கவில்லை. அன்று காலையில்தான் அர்பாப் வெறுத்துப்போய், சுட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

சுடுவதற்கு அவர் கொடுத்தது தன் அப்பாவின் துப்பாக்கி. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி அடைப்பு வைத்து, நீளமான கம்பியால் இடித்து இடித்துக் கெட்டித்துச் சுடுவது. முன்பெல்லாம் மலையில் கல்யாணம் என்றால் அதை வானத்தைப் பார்த்து வெடிப்பார்களாம். இப்போது அது அர்பாப்பின் பெட்டியில் துணி சுற்றிக் கிடந்தது. அவரே முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மாமா துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நற்கருணை கொண்டு வருகிற பக்தி முகத்தில். நேரே என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நானே சுட்டிருப்பேன். கண்ணுல புரை விழுந்துட்டு. நீங்க வந்தது கர்த்தர் செயல். தாத்தா கை ஒங்களுக்கு இருக்கும்லா?"

"இருக்கும் மாமா" என்றேன். (அந்த வாயைத்தான் முதலில் அடைத்திருக்க வேண்டும்.)

அடைப்புக்கு அர்பாப் பழந்துணி வைத்திருந்தார். மாமா அதைத் தொடவே இல்லை. "நம்ம ஊர்ல தேங்கா நாருதான் தம்பி. அதுதான் பிடிமானம். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார். கறிக்கு அரைக்க ஜெனிட்டாவின் அம்மா, அதாவது அத்தை, ராசல்கைமா கடையில் வாங்கி வந்திருந்த தேங்காய்கள் அடுக்களையில் இருந்தன, குடுமியோடு. அத்தை கத்துவதற்குள் எல்லாக் குடுமியையும் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் திணித்தார். மருந்தை அளந்து கொட்டிக் கொடுத்துவிட்டு, "நீங்க கெட்டியுங்க. நான் அந்தப் பக்கமாப் போயி மரத்த விட்டு இறங்காமப் பாத்துக்கிடுதேன்" என்று போய்விட்டார்.

அர்பாப் தூரத்தில் நாற்காலியில். வான்கோழி, காஃப் என்கிற பாலைவன மரம் ஒன்றின் தாழ்ந்த கிளையில். நான் கையில் ஒரு கூடை நாரோடு தனியாக.

எவ்வளவு நார் வைக்க வேண்டும் என்று யாரிடம் கேட்பது? வேட்டைக்காரன் கேட்பானா? தலையணைக்கு இலவம்பஞ்சு அடைப்பது போல அடைத்தேன். கொஞ்சம் நார், ரவை, மறுபடி நார், இன்னும் கொஞ்சம் நார். கம்பியால் இடித்தேன். நன்றாக இடித்தேன். மாமா பார்க்கிறாரே என்று இன்னும் நாலு இடி. பிறகு கம்பியை வெளியே இழுத்தேன்.

வரவில்லை.

திருகிப் பார்த்தேன். துப்பாக்கியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு இழுத்தேன். நார் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. "மாமா, கம்பி மாட்டிக்கிட்டு" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தையோடு களக்காட்டு மலை, தாத்தா, ஜெனிட்டா எல்லாம் போய்விடும். அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம் வந்தது: எதற்கு இழுக்க வேண்டும், சுட்டால் தானாகவே வெளியே வந்துவிடுமே. இன்றைக்கும் சொல்கிறேன், அறிவியல்படி நான் நினைத்ததில் தவறே இல்லை.

"யல்லா!" என்றார் அர்பாப், சீக்கிரம் ஆகட்டும் என்று.

மருந்தைப் பற்ற வைக்கிற வெடி கேப்பைச் சொருகினேன். குறி பார்த்தேன். ஜெபம் சொன்னேன். விசையை இழுத்தேன்.

வானம் இடிந்து விழுந்ததா, மலை விழுந்ததா என்று தெரியவில்லை. நான் மல்லாந்து விழுந்திருந்தேன். சுற்றிலும் புகை. காதுக்குள் விசில். மூக்கில் தீபாவளி. புகை விலகியபோது முதலில் தெரிந்தது வான்கோழி. கிளையில் அப்படியே இருந்தது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

கம்பி அதன் தலைக்கு மேலே பறந்து போய், பின்னால் உயரத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் ஈட்டி மாதிரி குத்தி நின்றது. ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பீறிட்டது. என் நாரோ, எரிந்துகொண்டே போய்ப் பக்கத்தில் இருந்த ஓலைக் குடிலின் கூரையில் இறங்கியிருந்தது. காய்ந்த ஈச்ச ஓலை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பென்று பிடித்தது. அந்தத் தண்ணீர் அந்தத் தீயின் மேல் விழுந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! விழவில்லை. வெளியே அடுப்பில் தம் போட்டிருந்த பிரியாணிச் சட்டியின் மூடியைத் தள்ளிவிட்டு நேராக உள்ளே விழுந்தது.

"மாதாவே! எம் பிரியாணி!" என்று ஓடிவந்த அத்தை, பாதி வழியில் கூரையைப் பார்த்துவிட்டு, "மாதாவே! குடிசல்!" என்று திரும்பினார். ஜெனிட்டாதான் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். மாமா வால்வைத் திறந்தார். நான் எரிகிற ஓலையைக் கம்பால் தள்ளித் தள்ளி இழுத்துப் போட்டேன். என் புதுச் சட்டைக் கையும் புருவத்தில் பாதியும் போனது. தீ அடங்கியபோது குடிலில் பாதி கறுத்த கழிகளாக நின்றது.

இங்கே சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். அது வெறும் குடில் இல்லை. அர்பாப்பின் அப்பா தன் கையால் கட்டியது. உள்ளே ஏசி வைத்த பெரிய வீடு இருந்தும் கிழவர் தினமும் அங்கே உட்கார்ந்துதான் கஹ்வா காப்பி குடிப்பார். வந்த புதிதில் மாமாவும் அதற்குள்தான் படுத்துத் தூங்கியிருக்கிறார். கல்ஃபில் இருப்பவனுக்கு இன்னொன்றும் புரியும். வெளிநாட்டுக்காரன் துப்பாக்கியால் சுட்டான், தீ வைத்தான் என்று ஒரு போன் போனால் போதும். வேலை, விசா, எல்லாம் கலாஸ். எனக்கு மட்டும் இல்லை, என்னைக் கூட்டி வந்தவருக்கும். மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் செத்தே போயிருக்கலாம் என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

அர்பாப் எழுந்தார். கைத்தடியை ஊன்றி மெதுவாக வந்தார். கருகிய கழியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். திரும்பி, எங்கள் நாட்டு ஆட்களோடு பேசிப் பேசிப் பழகிய இந்தியில் கேட்டார்.

"கோன் மாரா?"

யார் சுட்டது?

"மே" என்றேன், நான்தான் என்று. அதே நேரத்தில் என் பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் "மே" என்றது. மாமா. அர்பாப்பின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல அர்பாப், நான்தான்" என்று நான் பதறிப்போய்த் தமிழிலேயே சொன்னேன். "சும்மா இரிங்க தம்பி" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு.

அர்பாப் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். "ஏக் பந்தூக், தோ ஆத்மி?" என்றார். ஒரு துப்பாக்கி, இரண்டு ஆளா? பிறகு கம்பி குத்தி நிற்கும் தொட்டியைப் பார்த்தார். குழலில் கம்பி நீட்டிக்கொண்டிருந்ததைத் தான் முதலிலேயே கவனித்ததாகவும், இந்தியாவில் அப்படித்தான் சுடுவார்கள் போல என்று பேசாமல் இருந்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாடி நனைகிற அளவுக்குச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். குடிலைப் பழையபடி நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கையாலேயே கட்ட வேண்டும். வான்கோழியை இனி யாரும் தொடக் கூடாது. இவ்வளவுக்கும் தப்பியது என்றால் அதற்கு ஆயுள் எழுதியிருக்கிறது. அந்த வான்கோழி இதற்குள் மரத்திலிருந்து இறங்கி, நனைந்த பிரியாணியைத் தின்று கொண்டிருந்தது.

அன்றைக்கு மாமா வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ராத்திரி ஜுபைல்காரர்கள் போன் செய்தார்கள். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று மாமா வைத்துவிட்டதாக ஜெனிட்டா மெசேஜ் அனுப்பினாள். நான் ரூமில் பாதிப் புருவத்தோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த லீவு நாளில் ராசல்கைமா பஸ் ஏறிப் போனேன். மாமா ஓலையை வெட்டி வைத்திருந்தார். நான் பிடிக்க, அவர் கட்டினார். வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கக் கூரையை முடித்தோம். பிறகு முடிச்சை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கம்பி பறக்கும்போதே தெரிஞ்சிட்டு, ஒங்க தாத்தா மலைக்குப் போனவரு இல்லேன்னு."

"ஐஸ் உடைச்சாரு மாமா."

"ம். நல்ல தொழிலுதான்." இன்னொரு முடிச்சுப் போட்டார். "அந்தா அந்த வாசக்கேட்டு தொறந்து கெடந்துச்சு. நீங்க ஓடிருக்கலாம். ஓடல. சுட்டது நான்னு நான் சொன்னதுக்கப்புறமும் வாய மூடிக்கிட்டு நின்னிருக்கலாம். அதுவும் செய்யல. எனக்கு அது போதும்யா. எம் மவள ஒங்களுக்குத் தாறேன்." கயிற்றை என் பக்கம் நீட்டினார். "ஆனா வாழ்நாள்ல துப்பாக்கியத் தொடக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அழுதும்விட்டேன். புகை கண்ணில் பட்டது என்று சொல்ல முடியாது, அன்று புகை இல்லை.

கல்யாணத்துக்கு அர்பாப் ஒரு சாக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டார். வான்கோழிக்கு அத்தை 'மருமகன்' என்று பேர் வைத்துவிட்டார். சும்மா சுற்றுகிறது, நல்லாத் தின்கிறது, எதற்கும் பிரயோஜனம் இல்லை என்பது அவர் சொல்கிற காரணம். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தோட்டத்துக்குப் போனால், "ரெண்டு மருமவனுக்கும் சோறு வச்சாச்சா?" என்றுதான் கேட்பார். பிரியாணி வெந்திருக்கிறதா என்று பார்க்க நான் மூடியைத் திறந்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார்கள். அந்தத் தொட்டியில் ஓட்டையை அடைத்த இடம் இன்னும் இருக்கிறது.

போன வருஷம் மாமாவும் அத்தையும் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். கிளம்புகிற அன்று, வேறு என்ன வேண்டும் என்று அர்பாப் கேட்டதற்கு, அந்த வான்கோழியை மட்டும் யாரும் அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம் மாமா. கிழவர் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாராம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாமா வீடியோ காலில் வந்தார். எடுத்ததும், "தோட்டத்துக்குப் போனீங்களா? மருமவன் எப்படி இருக்கான்? கால நொண்டுனானே, இப்ப சரியா?" என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். அதன் பிறகுதான், "ஆங், நீங்க எப்படி இருக்கிய?" என்றார். பக்கத்தில் இருந்த என் மகள் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பவள். "தாத்தா எப்பவும் அதத்தான் ஃபர்ஸ்ட் கேக்குறாங்க. டாடி, யூ ஆர் ஆல்வேஸ் செகண்ட்" என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த வரிசை நியாயமானதுதான். அது குடிலுக்குத் தீ வைக்கவில்லை.