எதிர்வீட்டுத் தண்ணீர், என் வீட்டு வைஃபை

தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். இதை நான் சொல்லவில்லை. என் மனைவி செல்வி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் மற்ற கணவன்மார் முகத்தைச் சுளிப்பார்கள், அதோடு முடிந்துவிடும். நான் மட்டும்தான், "போன செவ்வாய்க்கிழமையும் கூடிச்சு. செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன்?" என்று கேட்கிறவன். இப்படிப்பட்டவன் கையில் இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு வைஃபை மோடம் கிடைத்தது.

அப்போது ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, புதிதாக முளைத்த ஒரு லேஅவுட்டில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். செல்விக்கு ஏழாம் மாதம். அந்த லேஅவுட்டில் பார்க்குக்கு இடம் விட்டிருந்தார்கள், கோயிலுக்கு இடம் விட்டிருந்தார்கள், தண்ணீரைத்தான் மறந்துவிட்டார்கள். நகராட்சிக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள் வரும், வராமலும் இருக்கும். எங்கள் வீட்டு போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் சத்தம் மட்டும் நன்றாக வரும்.

எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் எதிர்வீட்டு வெங்கடேசப்பா. ஐம்பது வயதிருக்கும். பேரிகைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, பூ மார்க்கெட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். செல்வி ஒருநாள் தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, வயித்துல புள்ளய வெச்சிக்கினு கொடம் தூக்கறது? நான் இருக்கிறன் இல்ல?" என்று சத்தம் போட்டாராம். அன்றே தன் போர்வெல்லிலிருந்து ஒரு பச்சை ஓஸை இழுத்து, தெருவைத் தாண்டி எங்கள் கீழ்த்தொட்டியில் விட்டுவிட்டார். அதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஓஸ் தானாக வந்துவிடும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. (நானும் பேசியதில்லை. நன்றி சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று ஒரு பயம்.)

மோடத்தை மாட்டிக் கொடுத்தவர் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பிரகாஷ். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். செல்வி போண்டா போட்டாள். மோடத்தையும் லேப்டாப்பையும் இணைத்து முடித்தவர், மேசைமேல் இருந்த என் செல்போனையும் எடுத்து நோண்டினார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சினன் அனுப்பிய போன் அது. அதில் நான் பேசுவேன், மணி பார்ப்பேன். வேறு எதற்கும் தொட்டதில்லை.

"சார், உங்க போன்லயும் போட்டு விட்டுட்டேன். வீட்டுக்குள்ள வந்தா மெயில் தானா வந்து விழும்" என்றார் பிரகாஷ்.

நான் ஐந்தாவது போண்டாவில் இருந்தேன். "ரொம்ப நல்லது பிரகாஷ்" என்றேன். இந்த இடத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போனது. கேன்டீனில் யாரோ ஒரு கதை சொன்னார்கள். யார் வீட்டு வைஃபையிலோ பக்கத்து வீட்டுக்காரன் நுழைந்து, எவனுக்கோ மிரட்டல் மெயில் அனுப்பி, கடைசியில் போலீஸ் வந்து மோடத்துக்குச் சொந்தக்காரனைத்தான் ஜீப்பில் ஏற்றியதாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரகாஷிடம் ஓடினேன். நம் இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் இருப்பதாகச் சொல்லி, அதற்குப் போகும் வழியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பட்டியலில் இரண்டு வரி. முதல் வரியில் என் லேப்டாப், பெயரோடு இருந்தது. இரண்டாவது வரியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான நம்பர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்னோன்', அதாவது யாரென்று தெரியாது, என்று இருந்தது.

"செல்வி! வீட்டுக்குள்ள யாரோ இருக்கான்" என்றேன்.

அவள் பயந்துபோய்க் கரண்டியோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே இறக்கி, "இவ்வளவுதானா? பாஸ்வேர்ட மாத்திட்டாப் போச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கரெக்ஷன். கரெக்டிவ் ஆக்ஷன் கெடையாது. மூல காரணத்தக் கண்டுபிடிக்காம பாஸ்வேர்ட மாத்துனா நாளைக்கு அதே குறை திரும்ப வரும். ஆடிட்ல கேள்வி கேட்டா என்ன பதில் சொல்றது?"

"நம்ம வீட்டுக்கு எந்த ஆடிட்டுங்க வருது?" என்றாள் செல்வி. நியாயமான கேள்வி. அதைப் பொருட்படுத்தாமல் ஒரு நோட்டில் கோடு போட ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் ரெஜிஸ்டர் வைத்தேன். நான் இல்லாத நேரத்தில் செல்வி பார்த்துக் குறிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தகவல்கள் அருமையாக வந்தன. திருடன் காலை எட்டேகாலுக்குப் போய்விடுகிறான். பகல் முழுக்க ஆள் இல்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சரியாக வந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் இருக்கிறான், இடையில் நான் கறி வாங்கப் போன முக்கால் மணி நேரம் தவிர. 'நம்மைப் போலவே ஜெனரல் ஷிப்ட்காரன்' என்று நோட்டில் எழுதினேன். எங்கள் தெருவில் அந்தந்த நேரத்துக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் பத்துப் பேரைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பட்டியலில் நான் இல்லை.

அடுத்தது தெருச் சோதனை. செல்வி ஜன்னலருகே லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெங்கடேசப்பா வீட்டு கேட் அருகே நின்றேன். "இருக்கு!" என்று மாடியிலிருந்து கத்தினாள். தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் போய் நின்றேன். "போயிருச்சு!" என்றாள். திரும்பவும் கேட்டுக்கு வந்தேன். "வந்துருச்சு!"

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஒரே முடிவு. எங்கள் தொழிலில் ஒரு சோதனை மூன்று முறை ஒரே மாதிரி வந்தால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

கேட்டருகே மூன்றாவது முறை நின்று எழுதிக்கொண்டிருந்தபோது வெங்கடேசப்பா வெளியே வந்தார். "என்னா சார், ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணுமில்லண்ணா. சும்மா காத்து வாங்குறேன்."

"எங்க கேட்டுல நல்லா வர்தா?"

"இங்கதான் நல்லா வருது" என்றேன், ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு. அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மின்வெட்டு. என் மோடம் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே செத்துக் கிடந்த அந்த நேரத்திலும் இரண்டாவது வரி அப்படியே இருந்தது. அந்தத் தெருவில் இன்வெர்ட்டர் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான், வெங்கடேசப்பாவுடையது. அந்த வீட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ரேகா என்ற மகளும், அவளிடம் ஒரு லேப்டாப்பும் இருந்தன. மூல காரணம் தேட எங்கள் தொழிலில் செய்வதுபோல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து 'ஏன்' எழுதிப் பதில் கண்டேன். நான் தெருமுனைக்குப் போனால் திருடன் ஏன் நிறுத்துகிறான்? தன் வீட்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிடுகிறான். கேட்டருகே நின்றால் ஏன் நிறுத்துவதில்லை? கேட் அந்த ஜன்னலுக்குத் தெரியாது. மறைகிறது. (இதை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

செல்விக்குத் தெரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அந்த மனுசன் கேக்காமலே தண்ணி விடுறாரு. கோவிச்சுக்கிட்டு ஓஸச் சுருட்டிட்டார்னா, இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் எந்தக் கொழாயில போயி நிக்க?"

"தண்ணி வேற, டேட்டா வேற" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனியில் சப்ளையருக்கு அனுப்பும் குறை அறிக்கை மாதிரியே ஒன்று தயாரித்திருந்தேன். இரண்டு பிரதி. பெறுபவர்: திரு. வெங்கடேசப்பா. குறை: அனுமதியின்றி இணைப்பைப் பயன்படுத்துதல். மூல காரணம், எடுத்த நடவடிக்கை என்ற கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றை அவர் நிரப்ப வேண்டும். பதிலுக்கு இரண்டு நாள் அவகாசம். லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். நடுத்தெருவில் பச்சை ஓஸ் கிடந்தது. எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் போனேன்.

வெங்கடேசப்பா அறிக்கையை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு கீழிருந்து மேல் வரை படித்தார். "கம்பெனி பேப்பரா சார்? ரோஜா ஆர்டரா?"

விளக்கினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. "இந்த வைஃபை எப்பிடி சார் வரும்? ஒயர் கியர் ஒண்ணும் காணமே?"

"காத்துல வரும்."

"காத்துல வர்றத நான் எப்பிடி சார் எடுக்கறது?" என்றார். நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நான் ஒண்ணும் குத்தம் சொல்லலண்ணா. சோதனை பண்ணிப் பாத்துருவோம். வீட்ல இருக்கிற ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுவோம். எத ஆஃப் பண்ணும்போது இந்த வரி மறையுதோ, அதுதான்."

ரேகா தன் லேப்டாப்பை அணைத்தாள். வரி மறையவில்லை. அவள் செல்போனை அணைத்தாள். இருந்தது. வெங்கடேசப்பாவின் செங்கல் கனத்துப் பழைய போனையும் அணைத்தோம். இருந்தது. டி.வி., இன்வெர்ட்டர், பிரிட்ஜ். அடுப்படியில் தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டுக்கொண்டிருந்த மிக்ஸியைக்கூட நிறுத்தச் சொன்னேன். அவர் மனைவி நிறுத்திவிட்டு, கையில் மூடியோடு வந்து நின்று பார்த்தார். 'அன்னோன்' அசையாமல் இருந்தது.

"மோட்டார் ஒண்ணுதான் பாக்கி சார். அதையும் நிறுத்திடறன். உங்க மனசுல டவுட்டு இருக்கக் கூடாது" என்று வெங்கடேசப்பா எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் சத்தம் அடங்கியது. வீடே அமைதியானது. எதிர்மாடியிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"ஏங்க! தண்ணி நின்னு போச்சுங்க!"

அந்தக் குரலில் அழுகை இருந்தது. தான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். லேப்டாப்பைப் பார்த்தேன். இரண்டாவது வரி அப்படியே இருந்தது.

"அங்கிள்" என்றாள் ரேகா மெதுவாக. "உங்க பாக்கெட்ல இருக்கிற போன மட்டும் நாம ஆஃப் பண்ணல."

"இது என்னோடதும்மா" என்றேன்.

"அதான் அங்கிள்."

எடுத்தேன். அணைத்தேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒரே ஒரு வரி. என் லேப்டாப், பெயரோடு. ஐந்தாவது போண்டாவும் பிரகாஷ் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து, நான் தெருமுனைக்குப் போனால் காணாமல் போய், கறிக்கடைக்குக்கூட என்னோடு வந்த திருடன் என் சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தான்.

யாராவது திட்டியிருந்தால் தேவலாம். வெங்கடேசப்பா மோட்டார் சுவிட்சில் கையை வைத்தார்.

"சார், தண்ணி போட்டு விடட்டுமா?" என்றார்.

வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். மாதக்கணக்கில் அவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்து, அதில் குளித்து, அதில் துவைத்துப் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, காற்றைத் திருடினாய் என்று அவரிடமே இரண்டு பிரதியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அண்ணா, மன்னிச்சிருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். மோட்டார் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

செல்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வழக்கம்போல ஓஸ் வந்தது. ஆனால் எதிர்வீட்டுக் குழாயில் சணல் கயிற்றில் ஒரு நோட்டும் பேனாவும் தொங்கின. தெலுங்கு எழுத்தைப் போல வட்ட வட்டமான தமிழில் கட்டம் போட்டிருந்தார்: பெயர், வந்த நேரம், போன நேரம், குறிப்பு. முதல் வரியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவரே 'அன்னோன் சார்' என்று எழுதியிருந்தார்.

"உங்க சிஸ்டம்தான் சார். நல்ல சிஸ்டம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. செல்விக்குப் பிரசவமாகும் வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் கையெழுத்துப் போட்டேன். குழந்தையைப் பார்க்க ஒரு கூடை ரோஜாவோடு முதலில் வந்தவரும் அவர்தான். தொட்டிலில் எட்டிப் பார்த்து, "அன்னோன் சார் மூக்கு அப்பிடியே இருக்குது" என்றார். ரேகா கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு 'திரு. அன்னோன் குடும்பத்தார்' என்றே வந்தது. வீட்டில் எதைக் காணவில்லை என்று நான் குரல் கொடுத்தாலும், என் மகள் தலையைத் தூக்காமலே, "அப்பா, மொதல்ல பாக்கெட்" என்பாள்.

பிறகு அதே தெருவில் இடம் வாங்கி வீடு கட்டினோம். எங்கள் போர்வெல்லில் நல்ல தண்ணீர். போன கோடையில் வெங்கடேசப்பாவின் போர்வெல் வற்றிவிட்டது. கேள்விப்பட்டதும் நானே ஓஸை இழுத்துக்கொண்டுபோய் அவர் தொட்டியில் விட்டேன். அவர் உள்ளே போய், ஓரம் கிழிந்த அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கையெழுத்துகளுக்குக் கீழே, பெயர் என்ற இடத்தில் இம்முறை தன் பெயருக்குப் பதிலாக 'அன்னோன்' என்று எழுதினார். நேரம் எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, வட்ட வட்டமாக இப்படி எழுதி என்னிடம் நீட்டினார்:

'பாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.'